முயலகனும் மூளை மின்னலையும்

முயலகன் என்னும் சொல் தமிழ் கற்றார் யாவர்க்கும் பழக்கமானதே. ஆடல் வல்லானின் ஊன்றிய திருவடிக்கீழ்க் கிடந்து தலை நிமிர்த்து நோக்கும் குறள் உருவத்தை அப்பெயரால் வழங்குகின்றோம். வடநூலார் அவனை அபஸ்மாரன் என்பர். நினைவு நீங்குதல் என்பது அச்சொல்லின் உட்பொருள். ஆயுள்வேத நூல்களிலே வலிப்பு நோய்க்குப் பெயரும் அதுவே. தமிழிலும் அவ்வாறே முயலகன் என்பது அசுரன் ஒருவனையும் நோய் ஒன்றையும் ஒருங்கே குறித்து நின்றது. மழநாட்டுத் தலைவனாகிய கொல்லி மழவன், தன் மகளைப் பற்றிய முயலகன் என்னும் நோய் எதனாலும் நீங்காமை கண்டு அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலிலே கிடத்தி வருந்தினான் என்றும், ஆங்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்தருளினார் என்றும் பெரியபுராணம் கூறும்.

இவ்வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லி வந்தவன் யான். 2004ஆம் ஆண்டிலே ஒருநாள் ஆறாம் வகுப்பிற்குச் சைவசமய பாடம் எடுத்தபொழுதும் அதனையே சொன்னேன். சொல்லி முடித்து, அதன் சுருக்கத்தைச் சொல்வதெழுதலாகக் கொடுத்தேன். முன் வரிசையில் இருந்த பதினொரு வயது மாணவன் ஒருவன் பேனையைக் கையிற் பிடித்தபடியே என்னை வெறித்து நோக்கிக்கொண்டிருந்தான். "எழுது" என்றேன். அசைந்திலன். பிரம்பால் மேசைமேல் ஓங்கித் தட்டினேன். சிறிது பொழுது கழித்து, ஒன்றும் நிகழாதது போலக் குனிந்து எழுதத் தொடங்கினான்.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒரு சொல் பாதியிலே நின்று, ஏழெட்டுச் சொற்கள் விடுபட்டு, அப்பாற் போய் வாக்கியம் தொடர்ந்தது. முந்திய பக்கங்களிலும் அத்தகைய விடுபாடுகள் பல. ஒவ்வொன்றின் பக்கத்திலும் "கவனயீனம்" என்று சிவப்பு மையால் யான் எழுதிய குறிப்பு இருந்தது. அன்றும் அவ்வாறே எழுதினேன். உள்ளங்கையில் இரண்டு அடி கொடுத்து, அவனை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினேன். முயலகன் என்பது ஒருவகை வலிப்பு என்று சற்று முன்னர்ப் பொருள் கூறிய வாய் என்னுடைய வாய்தான். அந்நோயுடைய பிள்ளை எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தான். யான் அறிந்திலேன்.

மறுநாள் அவன் தாயார் வந்தார். அவர் என்னை நொந்துகொள்ளவில்லை. "பண்டிதர் ஐயா, அவன் குழப்படிகாரப் பிள்ளை இல்லை. வீட்டிலும் சோத்துக் கோப்பையைப் பிடிச்சபடி இப்பிடித்தான் நிற்கிறவன். டொக்டருக்குக் காட்டினனான். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவை கண்டதை எழுதிக்கொண்டு வரட்டாம்" என்று ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அதிலே ஐந்து வினாக்கள் இருந்தன. அது வரும்போது பிள்ளையின் கண் எவ்வாறிருந்தது? இமை துடித்ததா? உதடு அசைந்ததா? எத்தனை செக்கன் நீடித்தது? முடிந்தபின் உறங்கினானா, உடனே தெளிந்தானா?

இலக்கண வினாக்களுக்கு முப்பது பக்கம் விடை எழுதக்கூடிய யான் அந்த ஐந்தினுள் ஒன்றுக்கும் விடை எழுத இயலாதவனாய் இருந்தேன். பிழையைப் பார்த்திருந்தேனேயன்றிப் பிள்ளையைப் பார்த்திலேன். ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கி, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு அவனைக் கவனிக்கலானேன். பேச்சு நடுவிலே நிற்கும். விழி சிறிது மேலே செருகும். இமை மெல்லத் துடிக்கும். ஐந்து முதல் பன்னிரண்டு செக்கன் அவ்வாறு நின்று, பின்னர் விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஒரு காலைப்பொழுதில் மட்டும் பதினான்கு முறை எண்ணினேன். அத்தனை முறை அவனுடைய உலகத்திலிருந்து என் பாடம் அறுந்து விழுந்திருக்கிறது. கண்டவற்றைக் கடிதமாக எழுதினேன். தகப்பனில்லாத அப்பிள்ளையைத் தனியே கூட்டிச் செல்லத் தாயார் அஞ்சியமையால், ஏ9 வீதி திறந்திருந்த அந்நாளில் யானும் அவர்களோடு கொழும்புக்குப் போனேன். மூளையின் மின்னலைகளை வரைந்து பார்க்கும் பரிசோதனைக்கு அவனை அனுப்பியிருந்தார்கள்.

அப்பரிசோதனை பிறந்த வரலாற்றை முதலிற் சொல்லிவிட விரும்புகின்றேன். அது புனைகதையினும் விந்தையானது.

வலிப்பு தெய்வக் குற்றம் அன்று, மூளையில் எழுவதொரு நோயே என்னும் கருத்துப் புதியதன்று. ஹிப்போக்கிரதீசின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல் ஒன்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே அதனைக் கூறிவிட்டது. ஆயினும் மூளையிலே நிகழ்வது யாது என்று சொல்வார் நெடுங்காலம் தோன்றவில்லை. இலண்டனில் வாழ்ந்த ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் வைத்தியர், மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் இடையிடையே திடீரென நிகழும் மிகையான சக்தி வெளிப்பாடே வலிப்பு என்று 1870களில் எழுதினார். அவரிடம் கருவி யாதும் இல்லை. நோயாளரின் எந்த விரலில் நடுக்கம் தொடங்கி எவ்வழியே ஏறிற்று என்பதை அயராது கண்டு குறித்தே அம்முடிவுக்கு வந்தார். லிவர்பூல் நகரத்து றிச்சட் கேற்றன் 1875இல் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மெல்லிய மின்னோட்டம் உண்டு எனக் கண்டு வெளியிட்டார். அக்காலத்தில் அதனைப் பொருட்படுத்தினார் சிலரே.

மனிதரின் மூளையிலிருந்து அவ்வலைகளை முதன்முதல் வரைந்தெடுத்தவர் ஜேர்மனியிலுள்ள யேனா நகரப் பேராசிரியர் ஹான்ஸ் பேர்கர். 1873இல் பிறந்த இவர் பிரிட்றிக் றூக்கேட் என்னும் புலவரின் மகள்வழிப் பேரர். றூக்கேட் வடமொழி, பாரசீகம், அரபு முதலிய கீழைத்தேய மொழிகளைக் கசடறக் கற்று நளன் கதையையும் கீதகோவிந்தத்தையும் ஜேர்மன் மொழியிற் பெயர்த்தவர். கீழைத்தேயக் கல்வியையே தொழிலாகக் கொண்ட என் போன்றார்க்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியை வாசகர் பொறுத்தருள்வாராக.

பேர்கர் இளைஞராய் இராணுவப் பயிற்சி பெற்ற காலத்திலே குதிரையினின்றும் தவறி, குதிரைகள் இழுத்துவந்த பீரங்கி வண்டியின் முன்னே வீழ்ந்தார். வண்டி மயிரிழையில் நின்றது. அன்று மாலையே தந்தையாரிடமிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தொலைவில் இருந்த தமக்கைக்குத் தம்பியை ஏதோ துன்பம் சூழ்ந்தது என்று தோன்றவே, அவள் வற்புறுத்தி அதனை அனுப்புவித்தாளாம். ஒரு மூளையினின்றும் மற்றொன்றிற்கு ஏதோ ஒரு சக்தி செல்கின்றது போலும் என்னும் எண்ணம் அன்று முதல் அவரை விட்டு நீங்கவில்லை. அச்சக்தியை அளந்தறிய வேண்டும் என்றே மூளையின் குருதியோட்டத்தையும் வெப்பத்தையும் பல்லாண்டு அளந்தார். அவர் தேடிய சக்தி இறுதிவரை அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று. 1924ஆம் ஆண்டு யூலை மாதத்தில், சத்திரசிகிச்சைக்காக மண்டையோடு திறக்கப்பட்ட இளைஞன் ஒருவனிடமிருந்து, கல்வனோமானியின் நுண்ணிழை துடித்த துடிப்பிலே மூளையின் மின்னலையை அவர் கண்டார்.

கண்டதை உடனே வெளியிட்டாரல்லர். தசையின் துடிப்பாயிருக்குமோ, இதயத்தின் அலையாயிருக்குமோ, கருவியின் பிழையோ என்று ஐந்தாண்டு ஐயுற்றுத் தம் மகன் கிளவுசின் தலையிலும் தம் தலையிலும் மீண்டும் மீண்டும் சோதித்தார். 1929இல் முதற் கட்டுரை வெளிவந்தது. கண்ணை மூடி அமைதியாய் இருப்பார்க்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 10 முறை எழும் அலைக்கு அல்பா என்றும், அதனினும் விரைந்த சிற்றலைக்குப் பீற்றா என்றும் பெயரிட்டார். வரைவுக்கு அவர் இட்ட பெயர் எலெக்ற்றென்கெபலோகிராம். சந்தி பிரித்துப் படித்தாலும் நாவுக்கு அடங்காத பெயர். இன்று எல்லோரும் ஈ.ஈ.ஜி. என்று சுருக்கி விட்டனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஏட்ரியனும் மத்தியூசும் 1934இல் அதே சோதனையைச் செய்து, பேர்கர் கூறியது மெய்யே என்று நாட்டிய பின்னரே உலகம் நம்பிற்று.

பேர்கரின் வரலாறு இவ்விடத்தில் நின்றிருந்தால் எழுதுவார்க்கு எளிதாய் இருந்திருக்கும். 1933 யூலையில் ஹிட்லரின் ஆட்சி இயற்றிய சட்டம் ஒன்று, பரம்பரை நோயுடையார் என்று தீர்க்கப்பட்டவரை அவர் இசைவின்றியே பிள்ளைப்பேறு அற்றவராக்கும் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்த இடமளித்தது. அச்சட்டம் பெயர் சுட்டிய நோய்களுள் பரம்பரை வலிப்பும் ஒன்று. இத்தகைய வழக்குகளைத் தீர்ப்பதற்கு யேனாவிலே அமைந்த மன்றத்தில் பேர்கரும் அமர்ந்திருந்தார். அவர் நாசியர்க்கு மாறானவர் என்றும், அவர்களால் பதவியினின்றும் நீக்கப்பட்டவர் என்றும் பழைய நூல்கள் பல எழுதின. அந்நாளைய ஆவணங்களைப் பின்னாளில் ஆராய்ந்தோர் உண்மை வேறு எனக் காட்டினர். 1938இல் ஓய்வுபெற்ற அவர், உளச்சோர்வு மிகுந்து 1941இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வலிப்பு நோயாளரின் மூளையை அவர்களுக்காகப் பேச வைத்த மனிதர், அவர்களுக்கு எதிராகப் பேசிய சட்டத்தின் அவையிலும் இருந்தார். இவ்விரண்டையும் இணைத்து நோக்க என் மனம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் மாணவர்க்குச் சொல்வதும் தகாது.

கருவி அமெரிக்காவுக்குச் சென்ற பின்னரே வலிப்பு நோய்க்கு அதன் முழுப் பயன் விளைந்தது. பொஸ்ரன் நகரத்து ஹாவட் பல்கலைக்கழகத்தில் கிப்ஸ், டேவிஸ், லெனொக்ஸ் என்போர், கணநேரம் நினைவு மறையும் நோயாளரை அக்கருவியோடு இணைத்து நோக்கி, 1935இல் தம் முடிவை வெளியிட்டனர். நினைவு மறையும் அந்தக் கணத்திலே மூளை முழுவதிலும் கூரிய முனையொன்றும் வட்டித்த அலையொன்றுமாகச் செக்கனுக்கு 3 முறை ஒரே ஒழுங்கில் எழுந்து, நினைவு மீளும்போது அவ்வரைவும் மறைந்தது. கவனயீனம் என்றும் சோம்பல் என்றும் பகற்கனவு என்றும் ஆசிரியர்கள் காலங்காலமாய் எழுதிவைத்த ஒன்றுக்குக் காகிதத்திலே அதன் சொந்தக் கையொப்பம் கிடைத்தது.

கொழும்பிலே அக்கையொப்பத்தை யான் நேரிற் கண்டேன். பரிசோதனைக் கூடத்துத் தொழில்நுட்பவியலாளர் முதலிலே நாடாவினால் பிள்ளையின் தலையை மூக்கடியிலிருந்து பிடரிவரையும், ஒரு காதிலிருந்து மறு காதுவரையும் அளந்து, பத்திலும் இருபதிலும் பங்கிட்டுப் புள்ளி குறித்தார். மொன்றியல் நகரத்து ஹேர்பேட் ஜாஸ்பர் 1958இல் வகுத்துக் கொடுத்த அளவை முறை அது. அதனால், தலை சிறிதாயினும் பெரிதாயினும் எந்த நாட்டில் எடுத்த வரைவையும் எந்த நாட்டாரும் ஒப்பிட்டுப் படிக்கலாம். புள்ளிதோறும் பசை தடவிச் சிறு உலோகத் தட்டுக்களை ஒட்டி, அவற்றின் கம்பிகளைக் கருவியிற் பூட்டினார். மின்சாரம் என்ற சொல்லைக் கேட்டுத் தாயார் நடுங்கினார். "அம்மா, நாங்கள் கரன்ட் கொடுக்கிறதில்லை, தம்பியின் தலையில் இருக்கிறதைத்தான் பார்க்கிறோம்" என்று அவர் பொறுமையோடு சொன்னார். தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் வழக்கமாக 100 மைக்ரோவோல்ற்றுக்கு உட்பட்டது. ரோச் பற்றறி ஒன்றின் அழுத்தத்தில் 15,000இல் ஒரு பங்குதானும் வராது. அதனைப் பன்மடங்கு பெருக்கியே வரைகின்றனர்.

சிறிது நேரம் கண்ணை மூடச் சொன்னார், திறக்கச் சொன்னார். மினுக்கு விளக்கொன்றை முகத்தின் முன்னே ஒளிரவிட்டார். அதன்பின் மூன்று நிமிடம் ஆழ்ந்து மூச்சை இழுத்து விடுமாறு பணித்தார். இவ்வாறு மூச்சு விடுகையில் குருதியிலுள்ள கரியமிலவாயு குறையும். கணநேர நினைவிழப்பு உடைய பிள்ளைகளிற் பெரும்பாலார்க்கு அந்நிலையில் அது தோன்றிவிடும். இரண்டாம் நிமிடத்திலே அவன் மூச்சு நின்றது. இமை துடித்தது. யான் வகுப்பிலே கண்ட அதே முகம். கருவியின் கோடுகள் எல்லாம் ஒருங்கே கொந்தளித்து, முனையும் அலையும், முனையும் அலையுமாய் ஓடின. அவர் தணிந்த குரலில் "வாழைப்பழம்" என்றார். ஒன்பது செக்கனிற் கோடுகள் அடங்கின. அவன் மீண்டும் மூச்சிழுத்தான். "தம்பி, இப்ப நான் என்ன சொன்னனான்?" என்று கேட்டார். "ஒண்டும் சொல்லேல்லை" என்றான் பிள்ளை. பிரம்பால் மேசைமேல் யான் தட்டிய ஓசையும் அவனுக்கு ஒருநாளும் கேட்டிராது.

வைத்தியர் கோடுகளைப் பார்த்த பின்னர் என் கடிதத்தை இருமுறை படித்தார். கோடு இவ்வளவு தெளிவாய் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர் கூறிய விளக்கத்தை ஆசிரியன்மார் யாவரும் அறிதல் நன்று. இப்பிள்ளையின் நோய்வகையிலே கருவி அனேகமாய் வாய்திறந்து பேசிவிடும். பிற வகைகளில் அவ்வாறன்று. உண்மையாகவே வலிப்புள்ளோர் பலரிடத்தும் முதற் பரிசோதனை குறையொன்றும் காட்டாது கழிந்துவிடும். அரை மணிப் பொழுதில் மூளை அமைதியாய் இருந்துவிட்டால் கருவி எதனைக் காட்டும்? உறக்கத்தைக் குறைத்து மீண்டும் எடுத்தால் சில வேளை வெளிப்படும். வலிப்பே வந்திராத சிலரிடத்து ஐயத்துக்கிடமான அலைகள் தோன்றுவதும் உண்டு. ஆதலால் வரைவு நன்றாயிருக்கிறது என்று மருந்தை எறிவதும், வரைவு பழுது என்று நோயில்லாதவர்க்கு நோய் சூட்டுவதும் ஒப்பப் பிழை. நிகழ்ந்ததைக் கண்டவர் சொல்லும் சாட்சியே முதலாவது. இப்பொழுது கைத்தொலைபேசியிலே படம்பிடித்து வருவாரும் உளர். வைத்தியர்கள் அதனை வரவேற்கின்றனர்.

வகை எது என்று தெளிவதனாற் பெறும் பயன் மருந்திலே தெரியும். 1857இல் இலண்டன் வைத்தியர் சார்ல்ஸ் லொகொக் புரோமைட் உப்பைப் பற்றிக் கூறியதே இக்கால மருந்துகளுக்குத் தொடக்கம். 1912இல் அல்பிரட் ஹவுப்மான் என்னும் ஜேர்மன் இளம் வைத்தியர் நோயாளர் உறங்குவதற்காகப் பீனோபாபிற்றோன் கொடுத்தபோது, அவர்களுடைய வலிப்பும் குறையக் கண்டார். நூற்றாண்டு கடந்தும் அம்மருந்து உலகின் பல பாகங்களிலே மலிவாய்க் கிடைத்துத் தொண்டு செய்கின்றது. ஹவுப்மான் யூத குலத்தவர் ஆகையால் 1935இல் பதவி பறிக்கப்பட்டு, நாடு நீங்கி, 1948இல் பொஸ்ரனிற் காலமானார். 1938இல் மெறிற்றும் பற்னமும் பூனைகளிலே சோதித்துத் தேர்ந்த பெனிற்றோயின், உறக்க மயக்கம் மிகாமலே வலிப்பை அடக்கலாம் என்று காட்டிற்று.

ஆனால் விழுந்து வெட்டும் வலிப்பை அடக்கும் பீனோபாபிற்றோனோ பெனிற்றோயினோ இப்பிள்ளைக்கு உதவாது. கார்பமசெப்பீன் போன்ற சில மருந்துகள் இவ்வகையை மிகுவிக்கவும் கூடும். இதற்கென்று எதோசக்சிமைட் 1950களின் பிற்பகுதியிற் பயனுக்கு வந்தது. வல்ப்ரோயேற் கண்டறியப்பட்ட விதமோ நகைப்புக்கிடமானது. பிரான்சிலே கிறெனோபிள் நகரில் 1960களின் தொடக்கத்தில் வேறு பொருள்களை ஆராய்ந்தவர்கள், அவற்றைக் கரைப்பதற்கு அதனைப் பயன்படுத்தினர். கரைத்த பொருள் எதுவாயினும் வலிப்பு நிற்கக் கண்டு வியந்து ஆராய்ந்தபோது, மருந்து கரைசலுள் இருந்ததன்று, கரைத்ததே என்று தெரிந்தது. கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளின் வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு நேரும் என்று பின்னர் தெளியப்பட்டமையால், பெண்களுக்குக் கொடுப்பதில் இப்பொழுது மிக்க எச்சரிக்கை வேண்டுகின்றனர். மருந்துக்கு அடங்காதோர் சிலர்க்கு, வலிப்பு எழும் இடத்தை வரைவினாற் கண்டு வெட்டி நீக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. மொன்றியலிலே பென்பீல்ட், நோயாளர் விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கவே அதனைச் செய்து வழி காட்டினார்.

உலகிலே ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடையார் என்றும், உரிய முறையிலே நோயறிந்து மருந்து கொடுப்பின் அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நம்மவரிடையே நிகழ்வதோ வேறு. பிள்ளை விழுந்து துடித்தால் கையிலே திறப்புக்கோவையைத் திணிக்கின்றோம். வாயைக் கரண்டியால் நெம்புகின்றோம். இரும்புக்கு அத்துடிப்பை நிறுத்தும் ஆற்றல் இல்லை. கரண்டியாற் பல் உடைவதும் உண்டு. செய்யத்தக்கது சிறிதே. தலைக்குக் கீழே மெத்தென்ற துணி வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருபுறமாகச் சரித்துக் கிடத்தி, மணிக்கூட்டைப் பார்த்திருத்தல் வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தும் அடங்காவிடின் வைத்தியசாலைக்குக் கொண்டோட வேண்டும். ஓராண்டு வலிப்பு வரவில்லை என்று தாமாகவே மருந்தை நிறுத்துவது மற்றொரு வழக்கம். திடீரென நிறுத்துவதால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே இடராதல் கூடும். இந்நோய்க்கு இடப்பட்ட பெயரைப் பற்றியும் ஒரு சொல். கால் கை வலிப்பு என்பதே காக்கை வலிப்பு எனத் திரிந்தது என்பார் சிலர். அவ்வாறாயின் காகத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கால் கை ஒன்றும் வலியாது, கணநேரம் வெறித்து நிற்பதே நோயாதலை அப்பெயரும் நமக்கு மறைத்துவிட்டது.

அப்பிள்ளைக்கு வல்ப்ரோயேற் கொடுத்தார்கள். மூன்றாம் வாரத்திற்குள் விடுபாடுகள் நின்றன. மூன்று ஆண்டு கழித்து, வைத்தியரின் சொற்படியே சிறிது சிறிதாய் மருந்தைக் குறைத்து நிறுத்தினார்கள். இப்பொழுது கணக்காளனாய் இருக்கின்றான். ஊருக்கு வரும்போது என்னைப் பார்க்க வருவான். அந்த அடியைப் பற்றி ஒருமுறை பேச்செடுத்தேன். அவனுக்கு அது நன்றாய் நினைவிருக்கிறது. அடிக்கு முன்னே நிகழ்ந்ததுதான் நினைவில்லை என்றான்.

ஆறாம் வகுப்புக் கொப்பியை அவன் தாயார் வரைவுக் காகிதத்தோடு சேர்த்து இன்னும் பெட்டியில் வைத்திருக்கின்றாராம். வாங்கிப் பார்க்க விருப்பம் உண்டு. யான் கேட்கவில்லை. சிவப்பு மையில் எழுதியவை அதிலே அப்படியே இருக்கும்.